உளுந்துக் கடையிலிருந்து மகனுக்கு

அன்புள்ள சந்திரனுக்கு,

அப்பா எழுதுவது. ரங்கூனில் நான், அம்மா, பாப்பா மூவரும் சுகம். உன் சுகத்துக்குக் காளியம்மாளை வேண்டிக்கொள்கிறோம். கடிதத்தைக் கொண்டு வருகிறவர் யாரென்று பார்த்ததும் தெரிந்துகொள்வாய். அவருக்கு நல்ல சாப்பாடாக வாங்கிக் கொடு, டீயோடு அனுப்பிவிடாதே.

ஏன் போனில் எழுதவில்லை என்று கேட்பாய். வழியில் பட்டாளத்தான் சோதனைக் கேட்டில் போனை வாங்கி, விபிஎன் இருக்கிறதா, ஃபேஸ்புக் இருக்கிறதா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள். தமிழ்க் காகிதத்தை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, சாமி மந்திரமா என்று கேட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டு அழுதாயே, இப்போது பார்.

அங்கே குளிருக்குப் போர்வை இருக்கிறதா? பாங்காக்கில் குளிர் ஏது என்கிறாள் அம்மா. அதைத்தான் நானும் கேட்கிறேன். நீ கடைசியாக அனுப்பிய படத்தில் கனமான ஜாக்கெட் போட்டிருந்தாய். முதுகுக்குப் பின்னால் மலை தெரிந்தது. சரி, ஊர் சுற்றப் போயிருப்பாய். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆற்றங்கரைப் பக்கம் போகாதே. அந்தத் தண்ணீர் நமக்கு ஒத்துக்கொள்ளாது. குளிக்கவும் வேண்டாம், கடக்கவும் வேண்டாம். வயிறு உனக்குச் சின்ன வயதிலிருந்தே சரியில்லை.

போன தடவை நீ எழுதிய நீளக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் பாதி புரியவில்லை, ஆனாலும் நிறுத்த விடவில்லை. வரி என்பது துப்பாக்கி முனையில் பிடுங்குகிற பணம், இரண்டு பேர் மனமொத்துச் செய்கிற காரியத்தில் மூன்றாவது ஆளுக்கு வேலை இல்லை, மனிதனின் உடம்பு அவனுக்கே சொந்தம் என்றெல்லாம் எழுதியிருந்தாய். ரங்கூன் பையன்கள், ஒரு கரேன் பெண், மாண்டலே முஸ்லிம் பையன் எல்லோரும் வேலை முடிந்து ஓர் அறையில் கூடிப் படிப்பதாகவும், விடிய விடியச் சண்டை போடுவதாகவும் எழுதியிருந்தாய். இங்கே ஐந்து பேர் ஒன்றாக உட்கார்ந்தால் யாரோ ஜன்னலைச் சாத்துகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை இப்படி எழுதுகிறானே என்று எனக்குப் பெருமைதான். இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஹயெக் என்று ஒருவரைப் பற்றி எழுதியிருந்தாய். ஊரெங்கும் சிதறிக் கிடக்கிற சேதியை விலைதான் சுமந்து வருகிறது, அதை ஓர் ஆபீசில் உட்கார்ந்து யாரும் கணக்குப் போட முடியாது என்று அவர் சொன்னாராம். இங்கே பயின்னவுங் தானிய மண்டியில் மூட்டை தூக்குகிறவனுக்கும் இது தெரியும். பெகு பக்கம் அறுப்பு நேரத்தில் மழை பெய்தால் இங்கே உளுந்து ஏறும். சென்னையில் இட்லிக்கு ஆள் கூடினாலும் ஏறும், டில்லியில் இறக்குமதி உத்தரவு மாறினால் இறங்கும். இதெல்லாம் தெரியாத ஒரே ஆள் தலைநகர் நேப்பிடோவில் ஆட்சியில் இருக்கிறான். 2022 ஏப்ரலில், ஏற்றுமதிக்காரன் கைக்கு வருகிற டாலரை ஒரே நாளில் வங்கி விலைக்கு மாற்றிவிட வேண்டும் என்றார்கள். அந்த ஆகஸ்டில் விலை 2,100 கியாட் என்று எழுதிவைத்தார்கள். 2024-ல் அதே டாலர் தெருவில் 4,000-ஐத் தாண்டி ஓடியது. பாதிக் காசுக்கு உளுந்து விற்பவன் என்ன செய்வான்? இன்னொரு வழி பார்ப்பான். பார்த்தவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அரிசி வியாபாரியைப் பிடித்தார்கள், தங்கக் கடைக்காரனைப் பிடித்தார்கள். விலை மட்டும் பிடிபடவில்லை.

நம் குடும்பத்துக்கு இது புதிதில்லை. 1964 மார்ச்சில் பட்டாள அரசாங்கத்தார் தாத்தாவின் கடையை எழுதி எடுத்துக்கொண்டு, மக்கள் கடை என்று நம்பர் போட்டு, தராசு பிடிக்கத் தெரியாத ஒருவனை உட்காரவைத்தார்கள். மே மாதம் 50, 100 நோட்டு செல்லாது என்றார்கள். பெரிய தாத்தா கப்பல் ஏறினார். ஏறுகிறவர்களின் கழுத்திலும் காதிலும் கிடந்ததைத் துறைமுகத்தில் கழற்றிக்கொண்டுதான் விட்டார்கள். அவர் பர்மா பஜாரில் ரேடியோ விற்று எழுந்து நின்ற கதை உனக்குத் தெரியும். நம் தாத்தா போகவில்லை. ஏன் போகவில்லை என்பதும் தெரியும், அதை இங்கே எழுதவில்லை.

அப்புறம் 1987 செப்டம்பர் 5. 25, 35, 75 நோட்டெல்லாம் செல்லாது, மாற்றியும் தரமாட்டோம் என்றார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தாத்தா சத்தம் போடவில்லை. 75 கியாட் நோட்டு ஒன்றை எடுத்துக் கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் சோற்றுப் பசையால் ஒட்டினார். மீதியை என் தங்கைகள் வைத்துக் கடை விளையாட்டு விளையாடினார்கள். அதே மாதம் ஒன்பதால் வகுபட வேண்டும் என்று 45, 90 நோட்டு வந்தது. மூன்று கியாட் சில்லறை கொடுக்கக் கணக்கு வாத்தியார் வேண்டும். மூடியில் ஒட்டின நோட்டு இன்னும் இருக்கிறது. ஓரம் கரையான் அரித்துவிட்டது, முகம் தெரிகிறது. 1988 போராட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மழை வந்தால் என் இடது முழங்கால் ஏன் வலிக்கிறது என்று கேட்டு வளர்ந்தவன் நீ. அதனால்தான் உன்னிடம் போகாதே என்று அதட்டிச் சொல்ல வாய் வரவில்லை. ஆற்றங்கரைக்கு என்றுதான் சொல்கிறேன்.

நீங்கள் சேர்ந்திருப்பது போல, யாரும் உத்தரவு போடாமல் தாங்களாகச் சேர்கிற சமூகம் என்று பெரிய பெயரில் எழுதியிருந்தாய். பெயர் பெரிசு, காரியம் நமக்குப் பழக்கமானது. 2008-ல் நர்கிஸ் புயலில் டெல்டாவில் லட்சத்துக்கு மேல் செத்தார்கள். அரசாங்கம் வெளிநாட்டு உதவியை வாசலில் நிறுத்தி வைத்திருந்தது. மண்டிக்காரர்கள் நாங்கள் சேர்ந்து போகலே பக்கம் லாரியில் அரிசி கொண்டுபோனோம். வழியில் நிறுத்தி, யார் அனுமதி கொடுத்தது என்றான். பசிக்கு அனுமதிச் சீட்டு கேட்கிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். உதவி திரட்டிக் கொண்டுபோன நகைச்சுவைக்காரர் சர்கானாருக்கு மொத்தம் 59 வருடம் தண்டனை போட்டு, அப்புறம் 35 ஆக்கினார்கள். அப்பாயி செத்தபோது தூக்கிப் போனது யார்? நடிகர் சோ தூ ஆரம்பித்த இலவச ஈமச்சடங்குச் சங்கத்து வண்டிதான். காசு கேட்கவில்லை, என்ன மதம் என்றும் கேட்கவில்லை. 2025 மார்ச் பூகம்பத்தில் மாண்டலேயில் முதலில் கையால் செங்கல் அள்ளியவர்களும் அக்கம்பக்கத்துக்காரர்கள்தான். இவர்கள் யாரும் உன் புத்தகத்தைப் படித்தவர்கள் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. அரசாங்கம் விலகினால் பிடுங்குவதும் நின்றுவிடும் என்று எழுதியிருந்தாய். மோனிவாவிலிருந்து துவரை ஏற்றி வருகிற டிரைவரிடம் அதைச் சொல்லிப் பார். முன்பு பட்டாளத்தான் கேட் மட்டும் இருந்தது. இப்போது பட்டாளத்தான் கேட், அவன் வளர்க்கிற அடியாள் கேட், கொஞ்ச தூரத்தில் புரட்சிப் பையன்கள் கேட், அதைத் தாண்டினால் வேறொரு புரட்சிப் பையன்கள் கேட். கடைசியில் இருக்கிறவன் ரசீது கொடுத்து, நாட்டுக்காக என்று கும்பிடுகிறான். பையன் நல்லவன், உன் வயதுதான் இருக்குமாம். காசு காசுதான். மூட்டைக்கு மூட்டை அது விலையில் ஏறி வருகிறது. உங்கள் அறையில் இதைப் பேசினீர்களா? அந்தக் கரேன் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும், அவள் ஊரில் பல வருடமாக இதுதான் நடப்பு. அவளிடம் கேள்.

வங்கி இல்லாமல் ஆள் வழியாகப் பணம் அனுப்புகிற உண்டியலும் அப்படித்தான். வெளிநாட்டுச் சம்பளத்தில் கால்வாசியை வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று 2023-ல் உத்தரவு போட்டார்கள். எவன் கேட்டான்? அங்கே நீ பாட் கொடுக்கிறாய், இங்கே சாயங்காலத்துக்குள் கியாட் வருகிறது, நடுவில் ஒரு கையெழுத்து கிடையாது. நீ இதைத்தான் சுதந்திரச் சந்தை என்கிறாய். நான் மறுக்கவில்லை. ஆனால் உண்டியல்காரன் ஒருநாள் கடையைப் பூட்டிக்கொண்டு போனால் எந்தக் கோர்ட்டுக்குப் போவாய்? அவன் அப்பாவை எனக்குத் தெரியும், அவன் பெண்டாட்டி வீட்டைத் தெரியும், அதனால் போகமாட்டான். தெரியாத ஊரில், தெரியாத ஆள்களை, கொள்கை ஒன்று என்பதற்காக மட்டும் நம்பாதே. சின்ன மாமா நம்பினாரே, அதை நினைத்துக்கொள்.

உன் சிநேகிதர்களைச் சொல்லவில்லை. இந்திய வம்சம் என்று நம்மைக் கலா என ஏளனமாகக் கூப்பிடாத பர்மியப் பிள்ளைகளை இந்த வயதில்தான் பார்க்கிறேன். 2021-ல் பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததற்கு அப்புறம் எத்தனையோ பிள்ளைகள் ரோஹிங்யாக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். 1982 குடியுரிமைச் சட்டத்தை மாற்றுவோம் என்று பட்டாளத்துக்கு எதிராக அமைந்த அவர்களுடைய போட்டி அரசாங்கமும் 2021 ஜூனில் சொல்லிவிட்டது. நல்லதுதான். முழுக் குடிமகன் இல்லை என்று சொல்கிற நீல அட்டையோடுதான் தாத்தா செத்தார். அட்டை நிறம் மாறுகிற நாளில் நீ வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

இங்கே ராத்திரி விருந்தாளிப் பட்டியல் மறுபடி கெடுபிடியாகிவிட்டது. சொந்த அத்தை வந்து தங்கினாலும் வார்டு ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். நடு ராத்திரியில் வருகிறார்கள். குடும்பப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தில் டார்ச் அடித்து எண்ணுகிறார்கள். போன தடவை வந்தவன் வாசலில் செருப்பை எண்ணினான். உன் பழைய செருப்பை அம்மா எடுத்து வைக்காமல் விட்டிருந்தாள், அதனால் ஒரு மணி நேரம் தகராறு. பட்டாளச் சேர்ப்புக்கு ஆண் 18 முதல் 35, பெண் 18 முதல் 27 என்று சட்டத்தில் இருக்கிறது. பெண்களை இப்போதைக்கு எடுக்கவில்லை என்கிறார்கள், ஆனால் பாப்பா பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். உன் பெயருக்கு நேராக வெளிநாடு என்று இருக்கிறது. எந்த ஊர், என்ன வேலை, எங்கே படுக்கிறான் என்று கேட்டான். பாங்காக், சாப்பாட்டுக் கடை, கடை மாடியில் என்று சொன்னேன். மாசாமாசம் டீக்காசு கொடுக்கிறேன், அதனால் எழுதிக்கொண்டான். சொல்லும்போது அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நீ அந்தச் சாப்பாட்டுக் கடையை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது என்று முதலாளி பெண்டாட்டி பாப்பாவிடம் சொல்லிவிட்டாள். எங்களுக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியட்டும். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு வரி எழுதப் பிள்ளைக்கு நேரமில்லையா? ஊர் உலகத்துக்கெல்லாம் சுதந்திரம் வேண்டும், பெற்றவள் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கலாமா? உன் உடம்பு உனக்கே சொந்தம் என்று எழுதினாயே, அம்மாவிடம் அந்த வரியை நான் வாசிக்கவில்லை. தாண்டிவிட்டேன்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். இனிமேல் எங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். கடை ஓடுகிறது. உனக்குத் தேவைப்பட்டால், கடிதம் கொண்டு வருகிறவரிடம் பெரிய தாத்தா பெயரைச் சொல், அவர் பாட் கொடுப்பார், நான் இங்கே தீர்த்துக்கொள்கிறேன். ஒருவரிடமும் கடன் சொல்லாதே. ஆற்றுத் தண்ணீர் வேண்டாம். ராத்திரி வெளியே படுக்காதே, கொசு அந்தப் பக்கம் மோசம், மலேரியா மாத்திரை விலை பார்க்காமல் வாங்கிக்கொள். பதிலில் ஊர் பெயர் எழுத வேண்டாம். யாரோடு இருக்கிறாய் என்றும் எழுத வேண்டாம். மூன்று வேளை சாப்பாடு கிடைக்கிறதா, காய்ச்சல் வந்ததா, இந்த இரண்டுக்கும் பதில் வந்தால் போதும்.

இப்படிக்கு
அப்பா

அம்மா எழுதச் சொன்னது: கண்ணாடி உடைந்தால் அவனுக்கு எதிரே வருகிற ஆள் தெரியாது, இரண்டாவது ஒன்று செய்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்கிறாள். உன் பழைய பவர் சீட்டை மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். ஃபிரேம் உலோகத்தில் வேண்டாம், வெயிலில் மின்னும்.