அந்த ஒரு பீரியட்தான் உங்களுடையது

வடசென்னையில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் கத்தோலிக்க நடுநிலைப் பள்ளியின் தாளாளர் ஃபாதர் அவர்களுக்கும் தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களுக்கும்,

வணக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா எழுதுகிறேன். நானும் இதே பள்ளியில் எட்டாவது வரை படித்தவள்தான்.

போன வாரம் வந்த சுற்றறிக்கையைப் பற்றித்தான் இந்த மடல். ஜூன் முதல் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு நீதிபோதனை பீரியட் கிடையாது. அந்த நேரத்தில் வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்து ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கும், வருடத்துக்கு 1,500 ரூபாய். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் என்கிற அவர்களுடைய மத வகுப்பு வழக்கம்போல நடக்கும்.

அன்று சாயங்காலமே கேட் வாசலில் கூத்து தொடங்கிவிட்டது. ஒரு கத்தோலிக்க அம்மா, "அப்போ எங்க புள்ளைங்களுக்கு மட்டும் இங்கிலீஷ் இல்லையா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பாய் வீட்டு அம்மா, "வேணும்னா நீங்க இந்தப் பக்கம் வாங்க, நாங்க அந்தப் பக்கம் போறோம்" என்றார். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடக்கும் அதே நேரத்தில்தான் மற்றவர்களுக்கு நீதிபோதனை என்பது சுற்றறிக்கை அடித்தவர்களுக்கு மறந்துபோயிருக்கும்.

நீங்கள் நீக்கப்போகிற பீரியட் இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மகளின் நீதிபோதனை நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் 'நேர்மை' என்று தலைப்பு, கீழே மூன்று வரி. அடுத்த பக்கம் 'கீழ்ப்படிதல்', அதற்கு நான்கு வரி. மூன்றாம் பக்கத்திலிருந்து கணக்கு. கேட்டால், "மிஸ் வந்தா கணக்கு போடச் சொல்வாங்க, வரலைன்னா பேசிட்டு இருப்போம்மா" என்கிறாள். ஆக, செத்துப்போன பீரியடைத்தான் நீக்குகிறீர்கள். அதைச் சாக விட்டது யார் என்பதுதான் என் வருத்தம்.

1997-ல் நான் ஏழாவது. அப்போது நீதிபோதனை எடுத்த சிஸ்டர் எங்களைப் பிரிக்கவே மாட்டார். ஞானோபதேசத்துக்கு வேறொரு நாள் வைத்துக்கொண்டு, இந்த ஒரு பீரியடுக்கு எல்லாரையும் வராந்தாவில் உட்கார வைப்பார். அடிபட்டுக் கிடந்தவனுக்கு அந்நியன் ஒருவன் உதவும் பைபிள் கதை, நல்ல சமாரியன் கதையை அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எருசலேம், எரிகோ எதுவும் இல்லை. "கல்மண்டபம் பஸ் ஸ்டாப்புல ஒருத்தர் ரத்தக் காயத்தோட கெடக்குறார்னு வெச்சுக்கோங்க. முதல்ல ஒரு சாமியார் வர்றார், பாக்குறார், தாண்டிப் போயிடுறார். அடுத்து யாரு?" என்றார். "போலீஸு சிஸ்டர்" என்று ஒரே சத்தம். பின்னால் இருந்த ஒரு பையன், "சரக்கு அடிச்சிட்டு வுயுந்து கெடப்பான் சிஸ்டர், அதான் யாரும் தொடல" என்றான். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "சரக்கு அடிச்சவனுக்கு ரத்தம் வராதாடா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பையனின் அப்பா எத்தனை நாள் அப்படிக் கிடந்திருக்கிறார் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். சிஸ்டருக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பீரியடுக்கு நோட்டும் கிடையாது, பரீட்சையும் கிடையாது.

ஃபாதர், உங்கள் பள்ளி அரசு உதவிபெறும் பள்ளி. தமிழ், கணக்கு, அறிவியல் எல்லாம் அரசாங்கப் புத்தகம். முன்பாவது மெட்ரிக்குக்கு ஒன்று, ஆங்கிலோ இந்தியனுக்கு ஒன்று என்று தனித்தனிப் பாடத்திட்டம் இருந்தது. 2010-ல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்து, 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றமும் நடைமுறைப்படுத்தச் சொன்ன பிறகு அந்த வித்தியாசமும் போயிற்று. எதிர்த் தெரு கார்ப்பரேஷன் பள்ளியில் படிப்பதைத்தான் இங்கேயும் படிக்கிறார்கள். அப்புறம் ஏன் இங்கே சேர்க்கிறோம்? "சிஸ்டருங்க ஸ்கூலு, ஒழுக்கமா வளப்பாங்க" என்று என் மாமியார் சொல்வார். அவர் சொல்லும் அந்த ஒழுக்கத்துக்கு உங்கள் கால அட்டவணையில் இருந்த இடம் இது ஒன்றுதான். அதையும் வெளி நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டால் எதிர்த் தெருப் பள்ளிக்கும் உங்களுக்கும் நடுவில் மிஞ்சும் வித்தியாசம் யூனிஃபார்ம் கலர்தான்.

இங்கிலீஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறவள் நான். போனில் இங்கிலீஷ் பேசத் திணறி மேனேஜரிடம் வாங்கிய திட்டு எனக்குத்தான் தெரியும். ஆனால் இங்கிலீஷுக்குத் தினமும் பீரியட் இருக்கிறதே. அதில் வாயைத் திறந்து பேச வைத்தால் என்ன?

நீதிபோதனையில் சொல்லித்தர விஷயமா இல்லை? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் எண்ணெய் படர்ந்தது. மீன்பிடிக்கிறவர்கள் படகில் போய் வெறும் கையால் வாளியில் மொண்டார்கள். நம் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் மாமன், சித்தப்பன் அதில் உண்டு. வலை கறுத்துப்போய் வீட்டு வாசலில் கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். வகுப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பரீட்சைத் தேதி மாறியதைத்தான் சொன்னார்களாம். உங்கள் போப் பிரான்சிஸ் 2015-ல் சுற்றுச்சூழலைப் பற்றி ஒரு சுற்றுமடலே எழுதினார். பூமி நம் எல்லாருக்கும் பொதுவான வீடு என்றார். இந்தப் பூமியில் வாழும் ஒவ்வொருவரோடும் பேச விரும்புகிறேன் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார். ஒவ்வொருவரும் என்றால் என் மகளும்தானே?

வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்த சேசு சபைச் சாமியார். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனுக்குக் கொண்டுபோனவர். ஒரே அறையில் குறளையும் உவமைக் கதையையும் வைத்துப் பேச உங்களுக்கு வேறு யாருடைய அனுமதி வேண்டும்? சாதியைப் பற்றியும் பேசலாம். கையில் கட்டும் கலர் கயிறு என்ன சொல்கிறது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். என் மகளின் நோட்டில் சாதி என்ற சொல்லே இல்லை.

சட்டச் சிக்கல் வரும் என்று பயந்திருக்கலாம். அரசியலமைப்பின் 30-வது பிரிவு பள்ளி நடத்தும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. அரசு உதவிபெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மதபோதனையில் உட்கார வைக்கக் கூடாது என்கிறது 28(3). நான் கேட்பது மதபோதனை இல்லை. ஞானோபதேசத்துக்கு ஒரு பீரியட் இருக்கட்டும். அந்த நேரத்தில் மற்றவர்களுக்கு வேண்டுமானால் இங்கிலீஷே எடுங்கள், ஆனால் காசு வாங்காமல், நம் டீச்சர்களை வைத்து. வாரத்தில் இன்னொரு பீரியட் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரட்டும். சிஸ்டர், அதை முடிந்தால் நீங்களே எடுங்கள். கணக்கு டீச்சரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அவர் பாவம், போர்ஷனை முடிக்கத்தான் பார்ப்பார்.

சுற்றறிக்கைக்குக் கீழே வெட்டித் தரச் சொன்ன சீட்டை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாம். 'சம்மதம்', 'சம்மதமில்லை' என்று இரண்டே கட்டம். எதிலும் டிக் போடாமல் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன், இடம் போதவில்லை. அதனால்தான் இந்த மடல். சீட்டை இதோடு சேர்த்துப் பின் அடித்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா, உங்கள் பழைய மாணவி