மாசி முடியும்வரை தொடவேண்டாம்

பலெர்மோ
ஜனவரி 10

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்களும் தம்பியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தோடு துணியில் சுற்றி நாலு கட்டிச் சவர்க்காரம் வருகிறது. கடையில் வாங்கியது இல்லை அம்மா, நான் செய்தது.

இங்கே ஒக்டோபர், நவம்பரில் ஒலிவ் காய் பறித்து எண்ணெய் ஆட்டுவார்கள். புது எண்ணெய் வீட்டுக்கு வந்ததும், பழைய எண்ணெயில் மணம் மாறியது, அடியில் மண்டியோடு கிடப்பது எல்லாம் சமையலுக்கு ஆகாது. மேல்மாடியில் இருக்கும் அம்மா, சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன், அதில் ஒரு சொட்டுக்கூடக் கொட்டமாட்டார். வடிகட்டி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்.

முதல் தடவை அவர் இல்லாத நேரத்தில் நானே செய்யப் போய், எண்ணெயைச் சவர்க்காரமாக்கும் காரமான கோஸ்டிக் சோடாவைக் கரண்டியால் அளந்துவிட்டேன். சோடா கூடிப்போய், கட்டி சுண்ணாம்புபோல உதிர்ந்தது. நாக்கு நுனியில் வைத்தேன், சுரீரென்றது. அவ்வளவையும் எறியவேண்டி வந்தது. அன்றிலிருந்து தராசு இல்லாமல் தொடுவதில்லை. 1 கிலோ ஒலிவ் எண்ணெய்க்கு 128 கிராம் சோடா, 300 கிராம் தண்ணீர். முழு எண்ணெயும் சவர்க்காரமாக மாற 134 கிராம் வரை பிடிக்கும். கொஞ்சம் குறைத்துப் போட்டால்தான் மிச்ச எண்ணெய் உள்ளே நின்று தோலுக்கு இதமாக இருக்கும். நாங்கள் சவர்க்காரம் என்கிறோமே, அந்தச் சொல்லுக்குள்ளேயே காரம் இருப்பதை இங்கே வந்துதான் கவனித்தேன்.

சோடாவைத்தான் தண்ணீரில் போடவேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் அந்தத் தண்ணீர் 80 பாகைக்கு மேல் சுடுவதைப் பார்க்க முதலில் பயமாக இருந்தது. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, யன்னலைத் திறந்துவைத்துச் செய்கிறேன், கவலைப்படாதீர்கள். அலுமினியச் சட்டியைக் காரம் அரித்துவிடும் என்பதால் எவர்சில்வர்தான். சோடா கரைத்த காரத்தண்ணீரும் சூடாக்கிய எண்ணெயும் ஆறி 45 பாகை அளவுக்கு வந்ததும் காரத்தண்ணீரை எண்ணெயில் மெதுவாக ஊற்றிக் கிண்டவேண்டும்.

அப்படிக் கிண்டுவதுதான் வேலை. தனி ஒலிவ் எண்ணெய் லேசில் இறுகாது. மெஷினால் அடித்தால் கெதியில் முடியும், ஆனால் சிஞ்ஞோராவுக்கு மர அகப்பைதான். நானும் அவரும் மாறி மாறிக் கிண்டினோம். எனக்குத் தெரிந்த பாதி இத்தாலியன் அந்த அடுப்படியில் படித்ததுதான். அகப்பையைத் தூக்கிச் சொட்டவிட்டால், விழுந்த கோடு மேலேயே நிற்கும். அதை அவர் 'நாஸ்த்ரோ' என்பார், நாடா என்று அர்த்தம். நாடா விழுந்ததும் அச்சுப் பெட்டியில் ஊற்றிக் கம்பளியால் மூடி வைத்தோம். இரண்டாம் நாள் கம்பியால் வெட்டினோம்.

அப்புறம் காத்திருப்பதுதான். ஆறு கிழமையில் பாவிக்கலாம். ஆனால் ஒலிவ் சவர்க்காரம் நாள்பட நாள்படத்தான் இறுகும். இது நவம்பர் கடைசியில் வெட்டியது, அதனால் மாசி முடியும்வரை எடுக்காதீர்கள். காற்றுப்படும் இடத்தில் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி, இடைக்கிடை திருப்பி வையுங்கள்.

நுரை குறைவாக இருக்கும், வழவழப்பாக இருக்கும். பழுதென்று நினைக்கவேண்டாம், இதன் குணமே அதுதான். தண்ணீர் தேங்கினால் கரைந்துவிடும், ஓட்டைத் தட்டில் வையுங்கள். ஒரு நாளில் மூன்று வீடு துடைக்கிறேன். போன குளிருக்கு என் விரலெல்லாம் வெடித்துக் கிடந்ததை உங்களிடம் சொல்லவில்லை. இந்த வருடம் இதைத்தான் போடுகிறேன், கை நன்றாக இருக்கிறது. உங்களுடைய கையும் நினைவுக்கு வந்தது, அதனால்தான் அனுப்புகிறேன்.

தம்பி தேங்காய் எண்ணெயில் செய்து பார்க்கக் கேட்பான். மேலே எழுதிய கணக்கு அதற்குப் பொருந்தாது, சோடா கூடப் பிடிக்கும். எனக்கு எழுதச் சொல்லுங்கள், அளவு அனுப்புகிறேன். அதுவரை சோடாப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்