எஞ்சினைப் பிடிச்சிருக்குற நாலு போல்ட்டை யாரு பாக்குறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல மெஷின் பராமரிப்பு பத்தி வர்ற குறிப்புகள விடாம படிக்கிறவன் நான். ஆயில் மாத்துறது, ஏர் ஃபில்டர் சுத்தம் பண்றது, பிளேடு தீட்டுறது, பேட்டரி டெர்மினல்ல உப்பு பூக்காம பாத்துக்குறது எல்லாம் எழுதுறீங்க, நல்லா இருக்குது. ஆனா ஏறி உக்காந்து ஓட்டுற புல்வெட்டி, அதான் ரைடிங் மோவர், அதுல எஞ்சின சேசிஸோட, அதான் வண்டியோட அடிச்சட்டத்தோட, சேத்து பிடிச்சிருக்குற போல்ட்ட பத்தி ஒரு வரி கூட நான் இதுவரைக்கும் படிச்சதில்ல. உங்கள மட்டும் சொல்லல, சர்வீஸுக்கு விட்டா குடுக்குற லிஸ்ட்லயும் அது கெடையாது. அதனாலதான் இத எழுதுறேன்.

பெரிய புல்தரை ஒண்ண பாத்துக்குற வேலை எனக்கு, பல வருஷமா இதே வேலைதான். போன சீசன்ல எங்க மோவர்ல, எஞ்சினோட சுத்த மத்த எடத்துக்கு கொண்டு போற பெல்ட் கழண்டுக்கிட்டே இருந்துச்சு. மொத தடவ பெல்ட் பழசாயிடுச்சுன்னு நெனச்சு புதுசு போட்டோம், பத்து நாள்ல அதுவும் கழண்டுச்சு. அப்புறம் பெல்ட்ட இறுக்கமா வெக்கிற ஐட்லர் புல்லியோட பேரிங் போயிருக்கும்னு சொல்லி அதையும் மாத்துனாங்க, திரும்பவும் அதே கதைதான். நடுவுல ஸ்டீரிங் கைக்கு கிர்ருனு அதிருது, சீட்டு அதிருது, ஸ்லோ பண்ணும்போது முன்னாடி இருந்து தகரம் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வருதுன்னு ஓட்டுற தம்பி சொல்லிக்கிட்டே இருந்தான். பழைய வண்டி அப்படித்தாண்டா இருக்கும்னு நான்தான் அவன் வாய அடைச்சேன். அது என் தப்பு, அத இங்க ஒத்துக்குறேன்.

மூணாவது தடவ ஹூட தூக்கி வெச்சுட்டு, எஞ்சின் ஆறுனதுக்கு அப்புறம், ஸ்பார்க் பிளக் வயர கழட்டிட்டு, ரெண்டு கையாலயும் எஞ்சின பிடிச்சு ஆட்டிப் பாத்தேன். பல்லு ஆடுற மாதிரி ஆடுது சார். நாலு போல்ட்ல ஒண்ணு ஆளையே காணோம், ஓட்ட மட்டும் இருக்கு. ஒண்ணு விரலால திருப்புனாலே சுத்துது. இன்னொண்ணு பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஸ்பேனர வெச்சு லேசா அழுத்துனதுமே தலை மட்டும் தனியா கையோட வந்துடுச்சு, உடம்பு உள்ள மரையிலேயே நிக்குது. மொத்த எஞ்சினும் மிச்சம் இருந்த ஒரே ஒரு போல்ட்ட நம்பி ஓடிக்கிட்டு இருந்திருக்குது. எஞ்சின் ஒரு பக்கம் சரிஞ்சா கீழ இருக்குற புல்லியும் சரியும், புல்லி நேர்ல இல்லன்னா எந்த பெல்ட்டப் போட்டாலும் நிக்காது. நாங்க ரெண்டு பெல்ட்டும் ஒரு புல்லியும் மாத்துனது முழுக்க வீண்.

இது ஏன் இப்படி ஆகுதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா "போல்ட் லூஸ் ஆச்சு, டைட் பண்ணிட்டா போச்சு"ன்னு நெனக்கிறவங்கதான் அதிகம். இந்த வண்டிங்கள்ல பெரும்பாலும் எஞ்சினோட சுத்துற தண்டு, அதான் கிராங்க் ஷாஃப்ட், நேரா கீழ இறங்கும், அதோட அடி முனையிலதான் பெல்ட் ஓடுற புல்லி. ஃபுல் த்ராட்டில்ல சுமார் 3,600 ஆர்பிஎம் ஓடும். அப்படின்னா செகண்டுக்கு 60 சுத்து, ஒரு மணி நேரத்துக்கு 2,16,000 சுத்து. ஒரே சிலிண்டர் எஞ்சினா இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் பிஸ்டன் போய் வர்ற உதறல் அப்படியே அந்த நாலு போல்ட் மேலதான் விழும். ரெண்டு சிலிண்டர் எஞ்சின்ல உதறல் கம்மி, அதுக்காக இல்லவே இல்லன்னு சொல்ல முடியாது. 50 மணி நேரம் ஓட்டிட்டா 1 கோடியே 8 லட்சம் உதறல் வாங்கியிருக்கும் அந்த போல்ட்டுங்க. இது பத்தாதுன்னு பெல்ட்டோட இழுப்பு எப்பவும் ஒரே பக்கமா எஞ்சின இழுத்துக்கிட்டே இருக்கும்.

போல்ட் எப்படி தாங்குதுங்குறதுல ஒரு விஷயம் இருக்கு. எஞ்சின் நகராம போல்ட்டோட தண்டு குறுக்க நின்னு தடுக்குதுன்னு நாம நெனக்கிறோம், அப்படி இல்ல. முறுக்கும்போது போல்ட் ஒரு ஸ்பிரிங் மாதிரி மயிரிழை அளவு நீளுது, அந்த இழுவிசை எஞ்சின் அடிப்பாகத்தையும் சேசிஸ் தகட்டையும் இறுக்கி அழுத்துது, அந்த அழுத்தத்துல வர்ற உராய்வுதான் எஞ்சின நகரவிடாம பிடிக்குது. அழுத்தம் குறைஞ்சா எஞ்சின் பக்கவாட்டுல துளி நகரும், நகர நகர போல்ட் தானா கழண்டுக்கும். கெர்ஹார்ட் யுங்கர்னு ஒரு எஞ்சினியர் 1969லயே இத டெஸ்ட் பண்ணி எழுதி வெச்சிருக்காரு, மேல கீழ வர்ற அதிர்வ விட பக்கவாட்டு அசைவுதான் போல்ட்ட வேகமா கழட்டுதுன்னு. நம்ம ஆளுங்க நம்பிக்கையா போடுற வெட்டு விட்ட ஸ்பிரிங் வாஷர் இந்த மாதிரி அசைவுல பெருசா உதவாதுங்குறதும் அந்த வகை டெஸ்ட்ல தெரிஞ்ச விஷயம்தான். இன்னைக்கும் பல பேரு ஸ்பிரிங் வாஷர் இருக்குல்ல, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றத கேக்கும்போது மனசுக்கு கஷ்டமா இருக்கு.

லூஸான போல்ட் கழண்டு விழுந்தா கூட பரவாயில்ல, பல நேரம் விழுறதுக்கு முன்னாடியே உடையுது. இறுக்கமா இருக்குற போல்ட்டுக்கு ஒவ்வொரு உதறல்லயும் வர்ற சுமை மாற்றம் ரொம்ப கம்மி, லூஸான போல்ட்டுக்குத்தான் முழு உதறலும் போகும், அங்கயும் இங்கயும் வளைஞ்சு வளைஞ்சு ஒரு இடத்துல நுணுக்கமா விரிசல் விட்டு அது கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகும். என்கிட்ட இருக்குற உடைஞ்ச துண்டப் பாத்தா நல்லா தெரியுது, உடைஞ்ச முகத்துல முக்கால்வாசி வழவழன்னு, வெட்டுன மரத்துல தெரியுற வளையம் மாதிரி கோடு கோடா இருக்கு, மிச்சம் கால்வாசிதான் சொரசொரன்னு கடைசியா பட்டுனு உடைஞ்ச இடம். அப்படின்னா ரொம்ப நாளா உடைஞ்சுக்கிட்டே இருந்திருக்கு, யாரும் பாக்கல.

இதுல பயப்பட வேண்டியது பெல்ட் இல்ல. எஞ்சின் ஆடும்போது அதோட சேந்து பெட்ரோல் போற ரப்பர் டியூப் இழுபடும், எங்கயாவது விளிம்புல உரசும். சைலன்சர் பைப்போட ஒரு முனை எஞ்சின்லயும் இன்னொரு முனை சேசிஸ்லயும் பிடிச்சிருந்தா அது விரிசல் விட்டுடும். பக்கத்துலயே காஞ்ச புல்லு அப்பியிருக்கும். பெட்ரோல் கசிவு, கொதிக்கிற சைலன்சர், காஞ்ச புல்லு மூணும் ஒரே எடத்துல. சரிவுல ஏறும்போது சக்கரத்த ஓட்டுற டிரைவ் பெல்ட் கழண்டா வண்டிக்கு இழுவையே இருக்காது, பிரேக்க மட்டும் நம்பி நிக்கணும். அந்த தம்பி சரிவுலதான் தினமும் ஓட்டுறான், அத நெனச்சாத்தான் எனக்கு தூக்கம் வரல.

சரி, எப்படி கண்டுபிடிக்கிறது? போல்ட் தலைய சுத்தி செங்கல் பொடி மாதிரி சிவப்பா தூள் இருந்தா, அது வெறும் துரு இல்ல, ரெண்டு இரும்பு உரசி உரசி வந்த தூள், அங்க அசைவு இருக்குன்னு அர்த்தம். வாஷர சுத்தி பெயின்ட் தேஞ்சு பளபளன்னு ஒரு வளையம் தெரிஞ்சாலும் அதேதான். சில பேரு போல்ட் தலையில இருந்து தகடு வரைக்கும் பெயின்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வெக்கிறாங்க, கோடு விலகியிருந்தா போல்ட் சுத்தியிருக்கு. நல்ல வழிதான், நானும் இப்ப செய்யறேன், ஆனா அது மட்டும் போதாது. உள்ள உடைஞ்ச போல்ட்டோட தலை அப்படியே அசையாம உக்காந்திருக்கும், கோடும் நேராத்தான் இருக்கும், என் வண்டியில நடந்தது அதுதான். அதனால கண்ணால பாக்குறதோட விடாம ஒவ்வொண்ணுலயும் ஸ்பேனர் வெச்சு அழுத்திப் பாருங்க. அதுக்கு முன்னாடி சாவிய எடுத்துட்டு, பிளக் வயர கழட்டிட்டு, எஞ்சின் ஆறுனதுக்கு அப்புறம்தான் கை வைக்கணும். கீழ படுத்துப் பாக்கணும்னா ஜாக்க மட்டும் நம்பாம ஸ்டாண்டு குடுக்கணும்.

சரி பண்ற விஷயத்துல நான் பாத்த தப்புங்களையும் சொல்லிடுறேன். உடைஞ்ச ஒண்ண மட்டும் மாத்துறது பெரிய தப்பு, மத்த மூணும் அதோட பங்கையும் சேத்து சுமந்திருக்குது, அதுலயும் விரிசல் இருக்கலாம், நாலையும் மாத்துங்க. இன்னும் கெட்டியான போல்ட் போட்டா உடையாதுன்னு சொல்லுவாங்க, கெட்டி போல்ட்டோட பலன் அத அதுக்குரிய அளவுக்கு முறுக்குனாத்தான் கெடைக்கும், எதிர்ல இருக்குறது மெல்லிசான தகட்டு மரையோ அலுமினிய மரையோன்னா அந்த முறுக்குல மரைதான் உரிஞ்சு வரும். கம்பெனி மேனுவல்ல என்ன அளவு போட்டிருக்கோ அதே போல்ட், அதே நீளம், அதே டார்க் (முறுக்கு அளவு), டார்க் ரெஞ்ச் இல்லாம குத்துமதிப்பா முறுக்காதீங்க. நீளத்த ஏன் சொல்றேன்னா சில எஞ்சின்ல போல்ட் கீழ இருந்து மேல ஏறி அலுமினிய குழிக்குள்ள முடியும், அங்க நீளமான போல்ட் போட்டா அடியில போய் முட்டிக்கிட்டு டைட்டான மாதிரி கைக்கு தெரியும், ஆனா எஞ்சின இறுக்கியே இருக்காது, இன்னும் முறுக்குனா அலுமினியமே வெடிக்கும்.

போல்ட் தானா கழலாம இருக்க மரையில தடவுற பசை போடுறதா இருந்தா எண்ணெய் இல்லாம துடைச்சுட்டு நீல கலர போடுங்க, அது ஸ்பேனர்ல கழட்ட வரும், சுமார் 150 டிகிரி சூடு வரைக்கும் தாங்கும். சிவப்பு போட்டா அப்புறம் கழட்ட 250 டிகிரி அளவுக்கு சூடு காட்டணும், பெட்ரோல் டேங்க் பக்கத்துல அந்த வேலை வேண்டாம். சேசிஸ் ஓட்டையில மரை தேஞ்சுட்டா, அடியில கை போற எடமா இருந்தா நட்டும் தடிமனான வாஷரும் போட்டு ஊடால போல்ட் போடலாம். அலுமினியத்துல மரை போயிருந்தா ஹெலிகாயில், அதான் சுருள் கம்பி மரை, போட்டு புது மரை ஏத்தலாம். உள்ள நிக்கிற துண்ட எடுக்குறது பொறுமையான வேலை, மொதல்ல அடிப்பக்கம் துண்டு நீட்டிக்கிட்டு இருக்கான்னு பாருங்க, இருந்தா பிளையர் வெச்சு கீழ பக்கமாவே திருகி எடுத்துடலாம், எனக்கு அப்படித்தான் வந்துச்சு. இல்லன்னா சென்டர் பஞ்ச் வெச்சு நடுப்புள்ளி அடிச்சு, இடது பக்கம் சுத்துற டிரில் பிட்ட போட்டா பல நேரம் டிரில் பண்ணும்போதே துண்டு கழண்டு வந்துடும்.

இவ்வளவும் பண்ணிட்டு பிளேட மறந்துடக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் தீட்டுன பிளேடு, வேர்லயோ கல்லுலயோ அடிச்சு வளைஞ்ச ஸ்பிண்டில் (பிளேடு மாட்டுற தண்டு), இதெல்லாம் வண்டியோட உதறல ஏத்திவிடும், புது போல்ட்டும் சீக்கிரம் லூஸாகும்.

கடைசியா எனக்கு கேக்க வேண்டியது ரெண்டு இருக்கு. வண்டி தயாரிக்கிறவங்க இந்த நாலு போல்ட்ட சர்வீஸ் அட்டவணையில ஆயில் மாத்துற வரிக்கு பக்கத்துலயே போடணும், புது வண்டியில மொத சில மணி நேரம் ஓடுனதும் ஒரு தடவ, அப்புறம் ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் ஒரு தடவன்னு. போல்ட்ல ஸ்பேனர் நுழையுற அளவுக்கு எடமும் விடணும், எங்க வண்டியில ஒரு போல்ட்ட எட்டுறதுக்கு சைலன்சரையே கழட்ட வேண்டியிருந்துச்சு, அப்படி இருந்தா எந்த மெக்கானிக் பாப்பாரு சொல்லுங்க. சர்வீஸ் பண்றவங்க பெல்ட் கழண்டுச்சுன்னு யாராவது வந்தா புது பெல்ட்ட கையில எடுக்குறதுக்கு முன்னாடி எஞ்சின ஒரு தடவ ஆட்டிப் பாருங்க.

உங்க பராமரிப்பு குறிப்புல இதுக்கு ஒரு நாள் எடம் குடுங்க ஆசிரியர் சார். உடைஞ்ச போல்ட்டோட முகத்த கிட்ட வெச்சு எடுத்த போட்டோவும் சேத்து அனுப்பியிருக்கேன், அந்த வளையக் கோடு தெளிவா தெரியுது, முடிஞ்சா அதையும் போடுங்க.

இப்படிக்கு,
புல்தரை பாத்துக்குற உங்க வாசகர் ஒருத்தர்