பெர்ஃப்யூமின் வாசனையைச் சொல்லாமல் மாற்றியது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மல்லி–சம்பங்கி பெர்ஃப்யூமின் கலவை மாற்றம்

வணக்கம்.

உங்கள் மல்லி–சம்பங்கி பெர்ஃப்யூமைப் பல வருடங்களாக வாங்கி வருகிறேன். போன மாதம் உங்கள் கடையிலேயே வாங்கிய பாட்டிலில் அந்த வாசனை இல்லை. பெயரும் பெட்டியும் அதே. விலை மட்டும் கூடியிருக்கிறது.

பழைய பாட்டிலில் முதலில் எழுவது சம்பங்கி. பச்சையாக, தைல நெடி லேசாகக் கலந்து வரும். அப்புறம் குண்டுமல்லி. அதுவும் அப்போதுதான் பறித்த மொட்டு இல்லை. ராத்திரி முழுக்கத் தலையில் இருந்து, உடம்புச் சூட்டில் வாடத் தொடங்கிய மல்லி. அந்தக் கனத்த, கொஞ்சம் மிருக வாடை கலந்த மணத்துக்கு முக்கியக் காரணம் இண்டோல் என்ற வேதிப்பொருள். தனியாக முகர்ந்தால் அந்துருண்டை நெடிதான் அடிக்கும். ஆனால் நிஜ மல்லிப்பூவிலேயே அது இருக்கிறது. அதைக் குறைத்தால் பூவில் உயிர் போய்விடும். கடைசியில் பச்சோலி இலைத் தைலமும், ஓக் மரத்தில் படரும் கல்பாசி மாதிரியான ஓக்மாஸும் ஈரமண் வாசத்தோடு தோலில் தங்கும், மறுநாள் புடவை மடிப்பிலும் இருக்கும். இந்த இருட்டும் கிறக்கமும்தான் எனக்குப் பிடித்தது. பெட்டியில் 'இரவின் மலர்' என்று நீங்கள் போட்டிருப்பதும் இதை நம்பித்தானே?

புதியதில் எலுமிச்சைப் புளிப்பு, வெளுத்த மல்லி, அப்புறம் வெனிலா இனிப்பு. சாப்பாட்டு நேரத்துக்குள் ஒன்றுமே இல்லை.

உங்கள் சேவைப் பிரிவில் பேசியவர், சருமத்துக்குச் சருமம் வாசனை மாறும் என்றார். உண்மைதான். ஆனால் பழையதையும் புதியதையும் வெள்ளைக் காகிதத் துண்டுகளில் அடித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்து பார்த்தேன். காகிதத்துக்கு ஏது சருமம்? வீட்டில் எல்லோருமே வேறு வேறு சென்ட் என்றார்கள்.

ஓக்மாஸ் சாற்றிலுள்ள அட்ரனால், குளோரோ அட்ரனால் என்ற இரண்டு வேதிப்பொருள்களையும் ஒவ்வாமை காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை செய்தது எனக்குத் தெரியும். அப்படி ஒரு விதிக்காக மாற்றியிருந்தால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியில் ஒரு வரி போட்டிருக்கலாம். மல்லியின் கனத்தையும் சேர்த்துக் குறைத்தது எந்த விதிக்காக? அதையும் சொல்லுங்கள்.

கலவை மாறியதா, எந்த பேட்ச் முதல் மாறியது என்று எழுத்தில் பதில் வேண்டும். புதிய பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தர வேண்டும். பழைய கலவையில் இருப்பு இருந்தால் பணத்துக்குப் பதில் அதையே அனுப்புங்கள், மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்கிறேன். ரசீது நகலையும் இரண்டு பாட்டில்களின் பேட்ச் எண் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாடிக்கையாளர்