ராபர்ட் ஆண்டர்சன் ஐயாவுக்கு ஒரு கடிதம்

ராபர்ட் ஐயா, வணக்கம்.

நீங்க 2009லயே போயிட்டீங்க. இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேராதுன்னு தெரியும், ஆனாலும் உங்ககிட்ட தான் சொல்லணும்னு இருக்கு, ஏன்னா உங்களுக்கு அப்புறம் அமெரிக்காவோட சவுத் கரோலினா யூனிவர்சிட்டில நடந்ததை நீங்க பாக்கவே இல்ல.

1963 செப்டம்பர் 11. வெள்ளைக்காரங்க மட்டும் படிச்ச அந்த யூனிவர்சிட்டில கறுப்பின மாணவர்களா நீங்களும் ஹென்றி மான்டீத்ங்கற பொண்ணும் ஜேம்ஸ் சாலமனும், அது இருக்கற கொலம்பியா ஊர்ல அட்மிஷன் முடிச்சுட்டு வெளிய நடந்து வர்ற அந்த போட்டோவை நான் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. அதுக்கு முந்தின வருஷம் மிசிசிப்பி யூனிவர்சிட்டில ஜேம்ஸ் மெரிடித்னு ஒரே ஒரு கறுப்பின மாணவர் சேர்றதுக்கே கலவரமாகி ரெண்டு பேர் செத்து ராணுவம் வரைக்கும் வந்துச்சு, அதனால உங்க ஊர்ல அப்படி எதுவும் ஆகல, அமைதியா முடிஞ்சதுன்னு எல்லாரும் பெருமையா எழுதுறாங்க. அந்த "அமைதியா"ங்கற வார்த்தையைப் படிக்கிறப்போ எல்லாம் எனக்கு வயிறு எரியும் ஐயா. ஹென்றியோட சொந்தக்காரங்க வீட்டுப் பக்கத்துல டைனமைட் வெடிச்சுது. உங்களுக்கு ஹாஸ்டல்ல, ராத்திரி நீங்க தூங்கக் கூடாதுன்னே ரூம் வாசல்ல பேஸ்கட்பாலைத் தட்டிக்கிட்டே இருந்திருக்கானுங்க. அடி இல்ல, ரத்தம் இல்ல, பேப்பர்ல போடுற மாதிரி எதுவும் இல்ல. ஆனா காலைல கிளாஸுக்குப் போகணும், பரிட்சை எழுதணும், பேச ஒரு ஆள் கிடையாது. அதை எல்லாம் தாங்கிக்கிட்டு நீங்க டிகிரி வாங்கிட்டுத் தான் வெளிய வந்தீங்க.

இன்னொரு விஷயம், இது நிறைய பேருக்குத் தெரியாது. நீங்க மூணு பேரும் அங்க முதல் ஆளுங்க இல்ல. உள்நாட்டுப் போர் முடிஞ்ச பிறகு 1873ல அதே யூனிவர்சிட்டி கறுப்பின மாணவர்களைச் சேத்துக்கிட்டுச்சு, ரிச்சர்ட் கிரீனர்னு ஒரு கறுப்பின பேராசிரியர் அங்க பாடம் எடுத்தார், லைப்ரரியையும் அவரே பாத்துக்கிட்டார். நாலு வருஷம் தான். 1877ல இழுத்து மூடிட்டு 1880ல வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு திரும்பத் திறந்தாங்க. அதனால நீங்க தட்டினது புதுக் கதவு இல்ல ஐயா, 86 வருஷத்துக்கு முன்னாடி உங்க ஆளுங்க மூஞ்சில அடிச்சு சாத்தின கதவு.

சரி, சொல்ல வந்ததுக்கு வர்றேன். 2013ல 50 வருஷம் ஆனதை யூனிவர்சிட்டி பெருசா நினைவுகூர்ந்தாங்க. அதுக்குக் கவிதை எழுதினது நிக்கி ஃபின்னி. பல வருஷம் கென்டக்கில வேலை பாத்துட்டு அந்த வருஷம் தான் சொந்த மாநிலத்துக்குத் திரும்பி வந்திருந்தாங்க. 2011ல நேஷனல் புக் அவார்ட் வாங்கினப்போ, அடிமைக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தா தண்டனைன்னு சவுத் கரோலினால ஒரு காலத்துல இருந்த சட்டத்துல இருந்து தான் பேச்சையே ஆரம்பிச்சாங்க. விருது மேடைல போய் அதையா பேசுவாங்கன்னு கேட்டா, அவங்க அதைத் தான் பேசுவாங்க.

ஆனா எனக்கு அவங்களை விட அவங்க அப்பா தான் மனசுல நிக்கிறார். எர்னஸ்ட் ஃபின்னி. அவர் சட்டம் படிக்கணும்னு நினைச்ச காலத்துல இந்த யூனிவர்சிட்டி அவரைச் சேத்துக்காது. கறுப்பினத்தவங்களை உள்ள விடாம இருக்கறதுக்காகவே ஆரஞ்ச்பர்க்ல அரசாங்கம் தனியா ஒரு சட்டக் கல்லூரி தொடங்குச்சு, 1954ல அங்க தான் முடிச்சார். அந்த வருஷம் வக்கீல்கள் மாநாடு நடந்தப்போ அவரும் அங்க இருந்தார், சாப்பாடு பரிமாறுற சர்வரா. 1961ல ராக் ஹில்ல வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு இருந்த சாப்பாட்டுக் கடைல உக்காந்ததுக்காக அரெஸ்ட் ஆன ஒம்போது பசங்களுக்கு வக்கீலா நின்னார், அவனுங்க 100 டாலர் அபராதம் கட்ட மாட்டோம்னு 30 நாள் கடின வேலைக்குப் போனானுங்க. 1994ல அதே மாநிலத்துக்கு தலைமை நீதிபதி. 2015ல, 83 வயசுல, திரும்ப அதே கேஸுக்கு எழுந்து நின்னு அந்தத் தண்டனையை ரத்து பண்ண வச்சார். சர்வர் வேலை பாத்த அந்த மனுஷனோட மக, அப்பாவை உள்ள விடாத யூனிவர்சிட்டிக்கு வந்து, உங்களுக்காகக் கவிதை எழுதியிருக்காங்க. கேக்க நீங்க இருந்திருக்கணும்.

2014ல உங்க மூணு பேர் நினைவா ஒரு தோட்டம் வச்சாங்க, செடியைச் சிலை மாதிரி வெட்டுற கலைஞர் பேர்ல் ஃப்ரையர் உருவாக்கின மூணு செடி அங்க வச்சாங்க. 2024 ஏப்ரல்ல வெண்கலச் சிலையும் வந்தாச்சு, அந்தப் பழைய போட்டோ மாதிரியே மூணு பேரும் நடந்து வர்றீங்க, உயரம் மட்டும் 12 அடி.

நான் இன்னும் நேர்ல பாத்ததில்ல. என்னிக்காவது அங்க போனா பகல்ல சிலைகிட்ட நின்னு கும்பிட்டுட்டு, இருட்டினப்புறம் ஹாஸ்டல் பக்கமா ஒரு நடை போய்ட்டு வருவேன் ஐயா, அந்த வராண்டால இப்ப என்ன சத்தம் கேக்குதுன்னு கேட்டுட்டு வரணும்.

அன்போட,
உங்களை ஒரு போட்டோல மட்டும் பாத்த ஒருத்தி