நான் தோற்ற பாதி, நீ தோற்ற பாதி

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போய் நின்றிருப்பார்களே, அதையும் எழுதியிருக்கலாம்.

கடைசிப் பத்தியைப் படித்துத்தான் சிரித்துவிட்டேன். "எலெக்ட்ரிக் கார் வாங்க ஆசைதான். ஆனால் டாப் கியரில் பார்த்தோமே, சார்ஜ் தீர்ந்து ஊருக்கு நடுவில் தள்ளிக்கொண்டு போனார்களே" என்று எழுதியிருக்கிறாய். யார் எழுதுகிறான் பார்! ஹாஸ்டலில் பென் டிரைவில் வந்த அந்த பிபிசி கார் நிகழ்ச்சியின் ஒவ்வொரு எபிசோடுக்கும் "எல்லாம் செட்டப்புடா" என்று கத்தியவன் நீ. பள்ளியில் டிவி மல்யுத்தத்தில் அண்டர்டேக்கர் அடி வாங்குவது நிஜமா பொய்யா என்று சண்டை போட்டோமே, அதன் தொடர்ச்சிதான் அது. நான் நம்புகிற கட்சி, நீ நம்பாத கட்சி.

முதலில் என் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். 2010இல் வந்த ரிலையண்ட் ராபின் எபிசோடு, அந்த மூன்று சக்கர இங்கிலீஷ் கார், ஞாபகம் இருக்கிறதா? முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. நிகழ்ச்சியை நடத்தும் கிளார்க்சன் அதை ஷெஃபீல்டு தெருக்களில் ஓட்டுகிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து விழுகிறது. "அந்த ஸ்பீடில் எந்த வண்டியும் கவிழாது" என்று நீ பேப்பரில் படம் போட்டே காட்டினாய். நான் கேட்கவில்லை. 2016இல் கிளார்க்சனே பத்திரிகையில் எழுதிவிட்டார்: ஸ்டீயரிங்கைத் திருப்பினாலே கவிழும்படி, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலில் கைவைக்கச் சொன்னாராம். நீ ஜெயித்தாய், நான் ஒரு டீ கடன்.

ஆனாலும் எனக்கு அதில் கோபம் இல்லை. இப்போது பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. கூத்தில் துரியோதனனின் தொடையில் நிஜமாகவே அடி விழுந்ததா என்று யாராவது எழுந்துபோய்ப் பார்ப்பார்களா? ராபின் தயாரிப்பு அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. விற்பனை கெட்டுப்போக ஒரு கடைகூட மிச்சம் இல்லை.

நீ இப்போது சொல்கிற எபிசோடு அப்படியில்லை. அது 2011. கிளார்க்சன் நிசான் லீஃப் எலெக்ட்ரிக் காரிலும், கூட நடத்தும் ஜேம்ஸ் மே ஒரு பெஜோ எலெக்ட்ரிக் காரிலும் கிளீதோர்ப்ஸ் கடற்கரைக்குக் கிளம்புகிறார்கள். வழியில் லிங்கன் ஊரில் லீஃபுக்கு உயிர் போகிறது. சார்ஜ் போட ஒரு இடமும் கிடையாது. நாள் முழுக்கக் காத்துக்கிடக்கிறார்கள். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தக் காருக்குள் அது எவ்வளவு ஓடியது, எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று கம்பெனிக்குத் தகவல் அனுப்பும் கருவி இருந்தது. அதை வைத்து நிசான் விஷயத்தை உடைத்தது: கொடுக்கும்போது முழு சார்ஜ், பயணம் தொடங்கும்போது 40 சதவீதம்தான். நடுவில் யாரோ வேண்டுமென்றே ஓட்டித் தீர்த்திருக்கிறார்கள். சார்ஜ் தீர்ந்தால் என்ன ஆகும் என்று காட்டுவதுதான் எங்கள் நோக்கம் என்றது தயாரிப்புத் தரப்பு. சரி, காட்டுங்கள். பாதி டேங்க் கூட இல்லாமல் கிளம்பினோம் என்பதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாமே!

டெஸ்லா ரோட்ஸ்டர் கதையும் இதே ரகம். 2008இல் ஓடுதளத்தில் 55 மைலிலேயே சார்ஜ் தீர்ந்துவிடும் என்று சொல்லி, காரை ஆட்கள் ஷெட்டுக்குள் தள்ளிப்போவதைக் காட்டினார்கள். எங்கள் கார்கள் எதிலும் சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை என்று டெஸ்லா 2011இல் கேஸ் போட்டது. தோற்றது, 2013இல் அப்பீலிலும் தோற்றது. பந்தயத் தடத்தில் விரட்டி ஓட்டுவதையும் சாலையில் ஓட்டுவதையும் விவரம் தெரிந்த எவரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள மாட்டார் என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று. படித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. எதையும் நம்பாத நீயே, இத்தனை வருஷம் கழித்து அந்தத் தள்ளுகிற காட்சியை வைத்துக் கார் வாங்கத் தயங்குகிறாய். ஜோக்கை ஜோக் என்று ஒதுக்கிவிட்டாய், அதன் அடியில் இருந்த "எலெக்ட்ரிக் கார் நடுவழியில் நிற்கும்" என்பது மட்டும் உனக்குள் ஒட்டிக்கொண்டது. என் குறை அவ்வளவுதான்.

இங்கிலாந்து வந்த புதிதில் பியூலி கார் மியூசியத்துக்குப் போயிருந்தேன் (எழுதியிருப்பதைப் படித்தால் பியூலியூ என்று வரும், அப்படிச் சொன்னால் சிரிக்கிறார்கள்). அங்கே டாப் கியரின் அந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் நின்றிருந்தது. 1988 மாடல், சிவப்பு, பின்பக்கம் நொறுங்கி. 2003இல் கடலலையில் மூழ்கடித்து, இரும்புக் குண்டால் அடித்து, தீ வைத்து, கடைசியில் 240 அடி கட்டடத்தின் உச்சியில் நிறுத்திக் கட்டடத்தையே தகர்த்தார்களே, அதே வண்டி. "மெக்கானிக் ராத்திரியில் புது இன்ஜின் மாட்டியிருப்பான்" என்பாய். இருக்கலாம். ஆனால் கிட்டத்தில் நின்று அந்த வளைந்த தகட்டைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிகழ்ச்சியின் மூன்றாவது ஆள் ஹாமண்ட், ஜெட் கார் ஓட்டியபோது நடந்த விபத்து. 2006 செப்டம்பர், யார்க் பக்கம் எல்விங்டன் விமானதளம், மணிக்கு 288 மைல், அதாவது சுமார் 460 கிலோமீட்டர். வலது முன்டயர் வெடித்து வண்டி உருண்டது. மனுஷன் கோமாவில் கிடந்து பிழைத்தார். அந்தக் காட்சியைப் பார்த்தும் நீ "இதுவும் செட்டப்" என்றாய். இரண்டு நாள் நான் உன்னோடு பேசவில்லை, மெஸ்ஸில் வேறு மேஜை. உன்மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. ஏனென்றால் உன்னை அப்படி ஆக்கியதே அவர்கள்தான். உன் ஊர்த் திருவிழாவில் ராத்திரி கூத்து, கடைசியில் தீமிதி. கூத்து நடிப்பு என்றும் தீ நிஜம் என்றும் குழந்தைக்குக்கூடத் தெரியும். இவர்கள் இரண்டையும் ஒரே குரலில், ஒரே சிரிப்போடு காட்டினார்கள். 2022 டிசம்பரில் டன்ஸ்ஃபோல்டு தடத்தில் ஃபிளின்டாஃபுக்கு முகம் கிழிந்ததே, பிற்காலத்தில் டாப் கியரை நடத்திய நம் கிரிக்கெட் ஃபிளின்டாஃப்தான், அதோடு நிகழ்ச்சியே நின்றுபோயிற்று. செய்தியைப் பார்த்ததும் என் மனசில் முதலில் ஓடியது என்ன தெரியுமா? "நிஜமா?" உன் நோய் எனக்கும் தொற்றிவிட்டது.

சரி, காருக்கு வருவோம். லிங்கனை மற. உன் வீட்டிலிருந்து ஆபீஸ் போய்வர எத்தனை கிலோமீட்டர்? அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் வைக்க அசோசியேஷன் விடுமா? வருஷத்துக்கு எத்தனை தடவை ஊருக்குப் போகிறாய்? இந்த மூன்றையும் விசாரித்து எழுது, அப்புறம் பேசலாம். உன் மாமனார் சொல்வதையும் கேள், ஆனால் அவர் டீசல் கட்சி என்பதை மறக்காதே.

ஜனவரியில் வருகிறேன். அதற்குள் வாங்கிவிட்டால் ஏர்போர்ட்டுக்கு அதிலேயே வா. கிளம்பும்போது எத்தனை சதவீதம் சார்ஜ் இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுக் கிளம்பு. நான் தள்ள மாட்டேன்.

உன் பழைய ரூம்மேட்