மாடி அறையைக் காலி செய்துவிட்டேன்

செல்வி,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அங்கே குளிர் தொடங்கிவிட்டதாம், காதைக் கட்டிக்கொள்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. உப்பு அம்பாரத்தை மூட ஷீட் கேட்டுக் கடையில் ஒரே கூட்டம். நீலம் தீர்ந்து கறுப்புதான் இருக்கிறது. கறுப்பில் கலந்த கார்பன் தூள் வெயிலைத் தான் வாங்கிக்கொள்ளும், பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலி சீக்கிரம் அறுபடாது என்று பன்னிரண்டாவது படிக்கும்போது கல்லாவில் உட்கார்ந்து எனக்கே பாடம் எடுத்தாயே, இன்றும் அதைச் சொல்லித்தான் விற்கிறேன். என் மகள் விண்வெளிக்கு ஷீட் செய்கிறாள் என்றும் சேர்த்துக்கொள்வேன். நீ திட்டுவாய்.

நீ முன்பு சொன்ன ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி சமாச்சாரத்தைத் தேடிப் படித்தேன். 1990இல் மேலே போனது, 1997இல் பழுதுபார்க்கப் போனவர்கள் பார்த்தால் மேல்போர்வை டெஃப்லான் விரிசல் விட்டுக் கிடந்ததாம். எலக்ட்ரானும் புரோட்டானும் எக்ஸ் கதிரும் வருஷக்கணக்கில் சங்கிலியை அறுக்க, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று சூடும் குளிரும் மாறி மாறி இழுத்திருக்கிறது. உன் காப்டான் படலம் கதிருக்கு இதைவிடத் தாங்கும், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு ஐந்து அடுக்கு வெயில் குடை அதுதான் என்றாய். சரி. ஆனால் ஷீட்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது செல்வி. பழையதை நான் விரலால் இழுத்துத்தான் பார்ப்பேன். மினுமினு என்றிருக்கும், கொஞ்சம்கூட நீளாமல் பட்டென்று போகும்.

தீபாவளிக்கு மாப்பிள்ளை பேசவில்லை. வேலையாக இருக்கும், அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். நீயும் இப்போது வீடியோவில் வருவதில்லை, குரல் மட்டும், அதுவும் இரண்டு நிமிஷம். தெருவில் உன்னைக் காட்டித்தான் பிள்ளைகளைப் படிக்கச் சொல்கிறார்கள், அவ்வளவு படித்தவளுக்கு வீட்டுக்கு ஒழுங்காக ஒரு போன் போடத் தெரியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

சித்திரையில் நீ கூப்பிட்டபோது கடையில் ஆள் நிற்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்தேன். ஆள் யாரும் இல்லை. நீ அழுவது கேட்டது, என்னவென்று கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்துவிட்டேன். அப்புறம் நானும் கூப்பிடவில்லை. அம்மாவுக்கு இது தெரியாது.

மாடி அறையில் கிடந்த சரக்கையெல்லாம் குடோனுக்கு மாற்றிவிட்டேன். புது ஃபேன் போட்டிருக்கிறது. டிக்கெட் போட்டால் தேதியை மட்டும் சொல், வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

அப்பா